வராதவர்கள் யார்?

சேவை அமைப்புகளின் ஆண்டறிக்கைகளில் எண்ணிக்கைகளுக்குக் குறைவில்லை. இத்தனை முகாம்கள், இத்தனை நோயாளிகள், இத்தனை பேருக்கு அன்னதானம். நன்கொடை அளித்தோருக்குக் கணக்கு ஒப்புவிப்பது கடமையாதலால் இவை தேவையே. ஆயினும் இவை யாவும் வந்தவர்களின் கணக்கு. எவர் பொருட்டு அமைப்பு தோன்றியதோ, அவர்கள் வந்தனரா என்பதை இவை கூறுவதில்லை. அவ்வினாவைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளும் பழக்கம் ஓர் அமைப்பில் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதை இம்மாதப் பாடத்தில் சிந்திப்போம். பெங்களூரு சிவாஜிநகர் போன்ற நெரிசல் மிக்க பகுதிகளில் தொண்டு புரியும் அன்பர்களுக்கு இது பெரிதும் பயன்படும். அதற்குமுன் மதுரை அனுபவம் ஒன்றை அறிந்துகொள்வது நல்லது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே அறுவை சிகிச்சை பயின்றவர் அவர். ஸ்ரீ அரவிந்தரின் நூல்களில் தோய்ந்தவர். நாட்குறிப்பில் தம்மைத் தாமே வினவி எழுதும் வழக்கமும் உடையவர். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே அவர் வகுத்த குறிக்கோள். அதில் மருத்துவமனை என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனையை நன்கு நடத்துவது குறிக்கோளாக இருந்திருப்பின், வாயிலுக்கு வந்தவர்களோடு பொறுப்பு முடிந்திருக்கும். பார்வையிழப்பு ஒழிய வேண்டும் என்னும்போது, வராமல் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரும் கணக்கிற்குள் வந்துவிடுகிறார்.

தொடக்க காலக் கிராம முகாம்களில் கண்புரை உள்ளோரைக் கண்டறிந்து, இலவச அறுவைக்கு வருமாறு கூறி அனுப்பினர். சிறு பகுதியினரே வந்தனர். ‘அறியாமை’ என்று கூறி அத்துடன் விட்டுவிடுவது எளிது. நம்மில் பலர் அவ்வாறே கூறுவோம். அங்குள்ளோர் காரணத்தை விசாரித்தனர். அறுவைக்குப் பணம் வேண்டாம். ஆனால் பேருந்துக் கட்டணம், தங்கும் நாட்களின் உணவு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி ஆகியவற்றுக்கு என்ன செய்வது? அச்சமும் இருந்தது. எனவே முகாமிலிருந்தே நோயாளிகளைப் பேருந்தில் ஒன்றாக அழைத்துச் சென்று, உணவளித்து, சிகிச்சைக்குப் பின் திரும்பக் கொண்டுவந்து விடும் முறை ஏற்பட்டது. ஒரே ஊரார் சேர்ந்து சென்றதால் அச்சமும் குறைந்தது.

இதைவிடக் கடுமையான சோதனை பின்னர் வந்தது. முகாம்கள் பெரும்புகழ் பெற்றுவிட்ட நிலையில், 1999-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முகாம் நடைபெற்ற ஊர்களில் கண் குறை உடையோரில் ஏறத்தாழ 7 சதவீதத்தினரே அதற்கு வந்திருந்தனர் என்று அது காட்டியது. நூற்றில் தொண்ணூற்று மூவர் வரவில்லை! முகாமில் நீண்ட வரிசை நின்றிருக்கும். புகைப்படங்களும் நிறைவாகவே இருந்திருக்கும். பாராட்டுப் பெற்ற அமைப்பு இத்தகைய செய்தியை மறைத்துவிட எத்தனை காரணங்கள் உண்டு! அங்கோ, கிராமங்களிலேயே நிரந்தரமாக இயங்கும் சிறு பார்வை மையங்கள் தோன்றின. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் காணொளி வழியே ஆலோசனை கூறும் ஏற்பாடு அது. இன்று அத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன.

இனி சிவாஜிநகருக்கு வருவோம். பௌரிங் மருத்துவமனையும், 1927-இல் கட்டப்பெற்ற ரஸ்ஸல் மார்க்கெட்டும், புனித மரியன்னை பேராலயமும், பள்ளிவாசல்களும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்த பகுதி. தமிழ், உருது, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. இங்கே ஓர் அன்பர் குழு ஞாயிறு காலை மருத்துவ முகாம் நடத்துவதாகக் கொள்வோம். தொண்டர்களுக்கு விடுமுறை நாள் என்பதால் அந்த நாள். ஆனால் மார்க்கெட்டில் மூட்டை தூக்குவோருக்கு அது வேலை மிகுந்த நேரம். பேராலயத்திற்குச் செல்வோருக்கு வழிபாட்டு நேரம். வெள்ளிக்கிழமைக்கு மாற்றினால் நண்பகலில் தொழுகை உண்டு. அறிவிப்பு தமிழில் மட்டும் இருப்பின், பக்கத்துச் சந்தில் பழைய இரும்பு பிரிக்கும் உருது பேசும் குடும்பத்திற்குச் செய்தியே எட்டாது. முகாம் யாருடைய வசதிக்காக நடைபெறுகிறது என்ற வினா இங்கு எழுகிறது. சங்கடமான வினாதான்.

இதனைக் கேட்பதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்காவிடில் அது ஒருபோதும் கேட்கப்படாது. முகாம் முடிந்த அதே வாரத்தில் அரைமணி நேரம் போதும். சிறிது மௌனத்திற்குப் பின், வாயிலில் சீட்டு வழங்கிய தொண்டர் முதலில் பேசட்டும். தயங்கி நின்று திரும்பிச் சென்றவரைக் கண்டவர் அவரே. தலைவர் இறுதியில் பேசுவது நல்லது. அவர் முதலில் பேசிவிட்டால், பிறர் அதையே வேறு சொற்களில் கூறுவர். எவர் மீதும் குற்றம் சுமத்தும் கூட்டமாக இது மாறிவிடக் கூடாது. பாராட்டுரைகளும் வேறொரு நாளுக்கு இருக்கட்டும். பல ஆண்டுகள் அன்போடு நடத்திய ஒரு பணியையே நிறுத்தவோ மாற்றவோ வேண்டும் என்ற முடிவும் இதிலிருந்து பிறக்கலாம். அப்பணியைத் தொடங்கியவர் எதிரில் அமர்ந்திருக்கும்போது இதைச் சொல்வது எளிதன்று. பற்றின்றிச் செயலாற்றுதல் பற்றி நாம் படித்தவையெல்லாம் பயன்பட வேண்டிய இடம் இதுவே.

பதிவேட்டில் வந்தோர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மேலும் ஒரு பத்தி வரைந்து, ‘வராதவர்’ என்று தலைப்பிடலாம். முதல் மாதம் அது வெறுமையாக இருக்கும். அடுத்த கூட்டத்திற்கு முன் இரு தொண்டர்கள் மார்க்கெட்டின் பின்புறச் சந்துகளுக்குச் சென்று, அங்குள்ளோரிடமே கேட்டு வந்து அதில் எழுதட்டும்.