குர்ஜா ஊருக்குப் போகிறது

ராஜஸ்தான் மாநிலத்தில் கீச்சன் என்று ஒரு கிராமம் உள்ளது. தார் பாலைவனப் பகுதி அது. மழை குறைவு. ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான விருந்தாளிகள் அங்கே வருகிறார்கள். பஸ்ஸில் அல்ல, ரயிலில் அல்ல. பறந்து வருகிறார்கள்!

ஆம், அவை பறவைகள். ஊர் மக்கள் அவற்றைக் குர்ஜா என்கிறார்கள். கொக்கைப் போல நீண்ட கால், நீண்ட கழுத்து. உடம்பு சாம்பல் நிறம். கழுத்தின் முன்பக்கம் கறுப்பு.

குர்ஜா குஞ்சு பொரிப்பது மங்கோலியா, கஜகஸ்தான் போன்ற நாடுகளில். குளிர்காலத்தில் அங்கே பனி மூடிவிடும். இரை கிடைக்காது. அதனால் செப்டம்பர் வாக்கில் இங்கே வருகின்றன. இப்படிப் போய் வருவதை வலசை என்கிறோம்.

கீச்சன் மக்கள் இவற்றுக்குத் தானியம் போடுகிறார்கள். ஊரார் பணம் தருகிறார்கள். வியாபாரிகளும் தருகிறார்கள். நாயும் மாடும் புகாதபடி வேலி போட்டிருக்கிறார்கள். காலையில் பறவைகள் கூட்டமாக இறங்கும். வயிறு நிறைந்ததும் குளத்துக்குப் போகும்.

மார்ச் மாதம் வெயில் ஏறுகிறது. வடக்கே பனி உருகுகிறது. புல் முளைக்கிறது. முட்டையிடும் காலம் வந்துவிட்டது. இனி இங்கே தங்க முடியாது. வெயிலில் சூடான காற்று மேலே எழும். அந்தக் காற்றில் வட்டமிட்டு, சிறகை அதிகம் அடிக்காமல் பறவைகள் உயரே போகும். பிறகு வடக்கு நோக்கிப் பறக்கும்.

ஓர் அதிசயம் கேளுங்கள். மங்கோலியப் பறவைகள் சிலவற்றின் மேல் சிறு கருவி பொருத்திப் பார்த்தார்கள். வரும்போது அவை இமயமலையைத் தாண்டி வந்தன. திரும்பும்போது மலைக்கு மேற்கே சுற்றிக்கொண்டு போயின. வந்த வழி வேறு, போன வழி வேறு!

வழியில் ஆபத்தும் உண்டு. கீச்சனிலேயே மின்கம்பியில் மோதிப் பல குர்ஜாக்கள் செத்தன. கம்பிகளை அகற்ற வேண்டும் என்று ஊர்க்காரர்கள் குரல் கொடுத்தார்கள். தானியம் போட்டால் மட்டும் போதாது. பறக்கும் வழியும் பத்திரமாக இருக்க வேண்டும். குளத்தில் தண்ணீரும் வேண்டும்.

2025-ஆம் ஆண்டு கீச்சன் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் காக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அது. ஒரு சின்ன கிராமத்துக்கு எவ்வளவு பெரிய பெருமை!

பேசுவோம்:
1. குர்ஜா மார்ச்சில் ஏன் திரும்பிப் போகிறது?
2. உங்கள் ஊர்க் குளத்துக்கு எந்தப் பறவைகள் வருகின்றன? எந்த மாதத்தில் போகின்றன?
3. அவற்றுக்கு உங்கள் ஊரில் என்ன ஆபத்து? நாம் என்ன செய்யலாம்?