ஒலித்தடுப்பும் ஒளியாற்றலும்

நுழையும்முன்

நெடுஞ்சாலை ஊர்களை இணைக்கிறது. கூடவே இரைச்சலையும் கொண்டுவருகிறது. இரைச்சலைத் தடுக்க எழுப்பும் சுவர் மின்னாற்றலையும் தர இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. ஆயினும், அச்சுவரில் சூரியத் தகடுகளைப் பொருத்துவோர் யார், பராமரிப்போர் யார், பயன்பெறுவோர் யார் என்னும் வினாக்களுக்கு அறிவியல் விடை கூறாது. சட்டமே கூற வேண்டும்.

நிலத்தின் அருமை

திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த வந்தவாசி கோரைப்பாய்க்குப் பெயர் பெற்றது. அண்டை நகரான ஆரணி பட்டு நெசவுக்குப் புகழ் பெற்றது. இவ்வட்டாரத்தின் மற்றொரு செல்வம் ஏரிப்பாசன நெல்வயல்கள். தரையில் 1 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்க ஏறத்தாழ 4 முதல் 5 ஏக்கர் நிலம் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 648 மெகாவாட் மின்நிலையம் ஏறத்தாழ 2500 ஏக்கரில் பரந்துள்ளது. வறண்ட நிலத்துக்குப் பொருந்தும் இம்முறையை விளைநிலத்தில் கைக்கொண்டால், மின்சாரத்தின் பொருட்டு நெல்லை இழக்க நேரிடும்.

ஏற்கெனவே ஒரு பணிக்கென ஒதுக்கிய இடத்திலேயே மற்றொரு பணியையும் செய்வதே இச்சிக்கலுக்கு ஒரு தீர்வாகும். குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில், நர்மதைக் கிளைக்கால்வாய் ஒன்றின் மேல் 750 மீட்டர் நீளத்துக்குத் தகடுகள் பரப்பப்பட்டு, 2012-இல் 1 மெகாவாட் மின்நிலையம் உருவானது. அதற்கென ஒரு வயலும் கையகப்படுத்தப்படவில்லை. கால்வாய் நீர் ஆவியாவதும் குறைந்தது. கால்வாய்க்குப் பொருந்திய இக்கருத்து நெடுஞ்சாலைக்கும் பொருந்தும்.

சுவரின் இருபணி

வாகன இரைச்சல் நேர்வழியில் வீட்டை அடையாதவாறு மறிப்பதே ஒலித்தடுப்புச் சுவரின் பணி. ஒலியின் ஒரு பகுதி சுவரின் விளிம்பில் வளைந்து மறுபுறம் இறங்கும். எனவே, சுவர் போதிய உயரமும் இடைவெளியின்மையும் உடையதாக இருத்தல் வேண்டும். இந்தியாவில் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு விதித்துள்ளன. 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும் என்பதை எண்ணினால், இவ்வரம்பின் இன்றியமையாமை விளங்கும்.

சுவிட்சர்லாந்து நாட்டில் ஏ13 நெடுஞ்சாலையை ஒட்டிய ஒலித்தடுப்பின் மேல் 1989-ஆம் ஆண்டிலேயே சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. ஆயினும், தகடுகளை எண்ணியவாறெல்லாம் பொருத்திவிட முடியாது. வழவழப்பான கண்ணாடிப் பரப்பு ஒலியை உறிஞ்சாமல் எதிர்ப்புறத்துக்குத் திருப்பி அனுப்பும். ஒருபுறத்து வீடுகளைக் காக்கும் சுவர் மறுபுறத்து வீடுகளுக்குத் தொல்லையாகிவிடக் கூடாது. ஆகவே, ஒலியை உறிஞ்சும் பொருளால் சுவரை அமைத்து, அதன் உச்சியில் தகடுகளைச் சாய்வாகப் பொருத்துவது ஒரு வழியாகும்.

திசை அறிதல்

ஐரோப்பிய நாடுகளில் கதிரவன் தாழ்வாகச் செல்வதால் செங்குத்துத் தகடும் நல்ல பயன் தரும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.5 பாகையில் அமைந்த வந்தவாசியிலோ நண்பகலில் கதிரவன் உச்சியை நெருங்கி நிற்கும். எனவே, சாலையின் திசையறிந்து தகடுகளை அமைக்க வேண்டும். வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலை பெரும்பாலும் வடக்கு நோக்கியது. ஆரணிச் சாலை பெரும்பாலும் மேற்கு நோக்கியது. முதற்சாலையோரம் சுவர் எழுப்புவதாகக் கொண்டால், இருபுறமும் ஒளியேற்கும் தகடுகள் காலையிலும் மாலையிலும் மின்சாரம் தரும். ஆரணிச் சாலையோரச் சுவருக்கு, தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்த தகடுகள் ஏற்றவை.

சட்டத்தின் பங்கு

ஒலித்தடுப்புச் சுவரில் தகடு பொருத்தும்போது பல சட்டங்கள் ஒன்றுகூடுகின்றன. இரைச்சலின் வரம்பை 2000-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தேசிய நெடுஞ்சாலை நிலத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவதை 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மாநில நெடுஞ்சாலைகளுக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 உள்ளது. மின்னுற்பத்தி நிலையம் அமைக்க உரிமம் வேண்டியதில்லை என மின்சாரச் சட்டம், 2003 கூறினும், மின்கட்டமைப்போடு இணைப்பதற்குரிய தொழில்நுட்ப நெறிகளைக் கட்டாயமாக்குகிறது.

பிற நாடுகள் இத்தகைய தடைகளைச் சட்டத்தாலேயே தளர்த்தியுள்ளன. ஜெர்மனி 2023-இல் கட்டுமானச் சட்டத்தைத் திருத்தி, விரைவுச்சாலையின் இருமருங்கிலும் 200 மீட்டருக்குள் சூரிய மின்நிலையம் அமைப்பதை எளிதாக்கியது. பிரான்சு அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் இயற்றிய சட்டம், 1500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளி வாகன நிறுத்தங்களில் பாதிப் பரப்பையேனும் சூரியத் தகடுகளைத் தாங்கும் கூரைகளால் மூட வேண்டும் என விதித்தது. நெடுஞ்சாலையோரங்களிலும் அத்தகடுகளுக்கு வழிவகுத்தது.

எனினும், அனுமதி அளிப்பதோடு சட்டத்தின் கடமை முடிந்துவிடாது. சூரியத் தகட்டின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அதற்குள் சாலை அகலப்படுத்தப்பட்டால் சுவரை இடம்மாற்றும் செலவு யாருடையது? வாகனம் மோதித் தகடு உடைந்தால் பொறுப்பேற்பவர் யார்? ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாத சாய்வை உறுதிசெய்பவர் யார்? இவற்றுக்கு முன்கூட்டியே விடையளிக்காத அனுமதி, வழக்குகளுக்கே வழிவகுக்கும்.

அனைத்தினும் முதன்மையானது பங்கீடு. சாலையால் விரைவுப் பயணம் பெறுவோர் தொலைவூர் மக்கள். இரவும் பகலும் இரைச்சலைத் தாங்குவோர் சாலையோரத்துச் சிற்றூர் மக்கள். அவர்கள் வீட்டருகே விளையும் மின்சாரத்தின் பயனில், அவ்வூர்ப் பள்ளிக்கும் தெருவிளக்குக்கும் ஒரு பங்கு கிடைப்பதே நீதி. ஒலியைத் தடுத்து, ஒளியைப் பகிர்ந்தளிக்கும் சட்டமே அச்சுவருக்கு முழுப்பொருள் தரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் வழியே செல்லும் சாலை எத்திசை நோக்கியது என்பதைக் கண்டறிந்து, அங்குச் சூரியத் தகடுகளை எவ்வாறு பொருத்தலாம் என விளக்கப்படம் வரைக.

2. ‘ஒரே நிலம், இரு பயன்’ என்னும் கருத்துக்கு உங்கள் வட்டாரத்திலிருந்து எடுத்துக்காட்டுகள் தொகுக்க.

3. நெடுஞ்சாலைச் சுவரில் விளையும் மின்சாரத்தின் பயன் யாரைச் சேர வேண்டும்? வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.