லண்டனில் வழக்காடிய கோயில்

நாமக்கல் மலையில் குடைந்த நரசிம்மரையும் அரங்கநாதரையும் எவராலும் பெயர்த்துச் செல்ல இயலாது. ஐம்பொன் சிலைகளின் நிலை அப்படியன்று! 1976-இல் தஞ்சை மாவட்டம் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர், பலர் கைமாறி லண்டன் சேர்ந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தபோது, 1982-இல் போலீசார் கைப்பற்றினர். விலை கொடுத்த கனடாக் கம்பெனி, சிலையைத் திருப்பிக் கேட்டது. எதிர்த்து வழக்காடியோருள், சிதைந்து கிடந்த பத்தூர் விசுவநாதசுவாமி கோயிலும் ஒன்று! நம் நாட்டுச் சட்டப்படி கோயிலும் வழக்காடலாம். பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளுடன் ஒப்பிட்டு, டாக்டர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். 1988-இல் கோயிலுக்கே வெற்றி. 1991-இல் மேல்முறையீட்டிலும் அதுவே. அவ்வாண்டே நடராசர் தாயகம் திரும்பினார். ஆயினும் இப்படி மீண்டு வரும் சிலைகள் பல, திருட்டுக்கு அஞ்சிப் பாதுகாப்பு மையங்களிலேயே வைக்கப்படுகின்றன. பூட்டிய அறையில் இருப்பதை ஊர் திரும்பியதாக எண்ண எங்களுக்கு மனம் வரவில்லை.