ஊறும் கைக்கடிகாரமும்

ஐம்பொறிகளுள் முதற்கண் வைத்து எண்ணப்பெறுவது மெய். உயிர்களை அறிவு வகையாற் பாகுபடுத்திய தொல்காப்பியனார், மரபியலில், ஓரறிவுயிர்க்கு உரியதாகக் கூறியதும் உற்றறியும் அறிவே. ஏனைய அறிவுகள் அதன்மேல் ஒவ்வொன்றாய் ஏறி நிற்பன. அங்ஙனமிருந்தும், இக்காலத்துக் கருவி செய்வோர் பலர் அதனை மறந்து, அனைத்தையும் கண்ணுக்கே ஒப்படைத்தனர். கைக்கடிகாரம் இதற்குத் தக்க சான்றாகும்.

தொடுதிரை என்னும் பெயரே நம்மை மயக்குவது. தொடுவது விரலாயினும் அறிவது கண்ணே. கண்ணாடி எங்கும் ஒரே வழவழப்பாயிருத்தலின், எவ்விடத்தை அழுத்துதல் வேண்டும் என்பதை விரல் தானே உணராது. மேலும், விரல் பட்டவழி மின்புலத்தில் நிகழும் சிறு மாறுதலைக் கொண்டே அத்திரை தொழிற்படுகின்றது. நீரும் அத்தகைய மாறுதலை விளைத்தலின், மழையிலும் வியர்வையிலும் அது தடுமாறும். ஐப்பசி மழையில், மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்குப் பேருந்தில் நின்று செல்வோர், ஒரு கை கம்பியைப் பற்ற, மறு கையின் ஈரவிரலால் அச்சிறு திரையைத் தடவி அல்லலுறுதல் யாவரும் அறிந்ததே.

நிற்க, இதற்கு மாற்று இல்லையோ எனின், உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெகே என்னும் கடிகாரக் கலைஞர், விரலால் மணியறியும் கடிகாரம் ஒன்றை இயற்றினார். மூடியின் மேலுள்ள முள்ளைத் திருப்பின், உரிய மணியில் அது நின்றுவிடும். விளிம்பிலுள்ள குமிழ்களைத் தடவி மணியை அறியலாம். 2015-ம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் கடிகாரத்தின் திருகுமுடியும், சாம்சங் கியர் எஸ்2-வின் சுழலும் வளையமும் இவ்வழியினவே. மணிக்கட்டில் மெல்லத் தட்டிச் செய்தி உணர்த்தும் அதிர்வும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் வசதி இருக்க, இவை எற்றுக்கு என வினவலாம். ரங்கநாதன் தெருவின் இரைச்சலில் அக்குரல் கேளாது. ஆலயத்திலோ வகுப்பிலோ அது கேட்டல் தகாது.

இனி, பார்வையற்றோர்க்கென எழுந்த முயற்சியை நோக்குவோம். 1824-ம் ஆண்டில் லூயி பிரெயில் வகுத்த ஆறு புள்ளி முறையைக் கொண்டு, தென்கொரிய நிறுவனமொன்று டாட் என்னும் கடிகாரத்தைச் செய்தது. அதன் முகத்தில் நான்கு கட்டங்களில் புள்ளிகள் எழுந்தும் தாழ்ந்தும் எழுத்துக்களாகின்றன. மணியும் நிமிடமும் காட்ட நான்கு கட்டம் போதும், தமிழுக்கோ போதாது. பாரதி பிரெயில் முறையில் உயிர்மெய்யின் உயிர், மெய்யின் பின்னர்த் தனிக் கட்டம் பெறும்; புள்ளியும் ஒரு கட்டம் பெற்று மெய்க்கு முன் நிற்கும். ஆகவே, அச்சில் மூன்றெழுத்தாகிய 'அம்மா', அகரம், புள்ளி, மகரம், மகரம், ஆகாரம் என ஐந்து கட்டமாய் விரியும். அன்னையின் பெயரையும் ஒருங்கே காட்ட மாட்டாத கருவி தமிழ்ச் சிறுவர்க்கு நிறைவு தருமோ?

ஊறும் பிழைபடுதல் உண்டு. கண்பார்வை மங்கிய ஈசாக்கு, ஆட்டுத்தோல் போர்த்த யாக்கோபின் கைகளைத் தடவி ஏசா எனக் கருதினான் என்பது வேத வரலாறு. ஆதலின், தொட்டறியும் குறிகள் ஒன்றையொன்று ஒவ்வாது தெளிவாய் அமைதல் வேண்டும்.

அடையாற்றிலுள்ள புனித லூயி கல்வி நிலையம் போன்றவற்றில் விரலாற் பயிலும் மாணாக்கர் பலர் உளர். கருவி நூல் கற்கும் நம் தோழர்கள் அவர்களிடம் சென்று கேட்டு, அதன்பின் கருவி சமைப்பாராக. தமிழ் கற்கும் நாமோ, எத்தனை கட்டம் வேண்டும் என எண்ணிச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.