பச்சைக் கிளைக் குவியல்: கொளுத்தலாமா?

கோயில் வளாகத்தில் கோத்தோங் ரோயோங் முடிந்ததும் ஓரத்தில் ஒரு குவியல் நிற்கும். வெட்டிய மாங்கிளை, தென்னை மட்டை, லாலாங் புல். உடனே யாராவது கேட்பார், "தம்பி, லைட்டர் இருக்கா?" கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதலில் சட்டம். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974, பிரிவு 29ஏ, திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 5 ஆண்டு வரை போகலாம். பலருக்குத் தெரியாதது பிரிவு 29பி. நெருப்பு வைத்தது யாராக இருந்தாலும் அந்த இடத்தின் உரிமையாளரும் பதில் சொல்லணும். நாம கொளுத்திட்டு வீட்டுக்குப் போயிடுவோம், சிக்குவது கோயில் நிர்வாகம். தகனத்துக்கும் சமயச் சடங்குக்கும் விலக்கு உண்டுதான். ஆனால் கோயிலுக்குள்ள எரிச்சா மட்டும் குப்பை சடங்கு ஆகிடாது!

இனி நம்ம பாடம். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் ஒரு கிலோவை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் செலவாகும். ஈரம் இருக்கும்வரை அந்த மரம் 100 டிகிரியைத் தாண்ட முடியாமல் திணறும். மரத்திலிருந்து கிளம்பும் வாயு நன்றாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேணும். அது கிடைக்காததால் வாயுவும் தாரும் அரைகுறையாகப் புகைந்து வெளியேறும், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் கூடவே. அதாவது, புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. ஓம குண்டத்தைக் கவனிச்சுப் பாருங்க. காய்ந்த சமித்து, காற்றுப் போக இடைவெளி, கொஞ்சம் கொஞ்சமா நெய். ஐயர் எரிபொறியியல் படிக்கவில்லை, ஆனால் கணக்கு சரியா இருக்கு.

பெட்ரோல் ஊற்றினால் ஈரம் போகாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தீக்குச்சி உரசுபவரின் காலடியில் காத்திருக்கும்.

ஆகவே கிளைகளை ஊராட்சி மன்ற லாரிக்குக் கொடுங்க, அல்லது நறுக்கி மரத்தடியில் மூடாக்காகப் போடுங்க. எரிக்க அனுமதி உள்ள இடம் என்று சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டு உறுதி செய்தால் மட்டும் அடுத்த வேலை. கிளைகளைச் சில மாதம் காய விடணும். நாள்பட்ட குவியலில் பாம்பு குடியிருக்கும், அதனால் எரிக்கிற அன்று கம்பால் கிளறி வேறு இடத்துக்கு மாற்றுங்க. செவ்வரளிக் கிளையைத் தனியா எடுத்துடுங்க, அதன் புகையும் விஷம். சின்னக் குவியலா அடுக்கி, மேலிருந்து பற்ற வைங்க. கீழே கிளம்பும் வாயு தீயைத் தாண்டித்தான் போகணும், புகை குறையும். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கணும். சாம்பலைக் கிளறி நனைத்து, அது முழுசா ஆறும்வரை யாரும் கிளம்பக் கூடாது.

கரிமண் நிலம் என்றால் இந்த அனுமதிப் பேச்சுக்கே இடமில்லை. கிள்ளான் ஜொஹான் செத்தியா பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியும். அங்கே மண்ணே எரிபொருள். மேலே அணைத்தாலும் தீ அடியில் வாரக்கணக்கில் கனன்று, வேறொரு இடத்தில் தலைதூக்கும். மண்வெட்டியால் ஓர் அடி தோண்டிப் பாருங்க. கறுப்பா, பஞ்சு மாதிரி, நார் நாரா வந்தால் அந்த இடத்தில் ஊதுவத்திக்கு மேல் எதுவும் வேண்டாம்.