முதல் டிரையத்லனுக்குக் கல்முனைக் கரையில் பழகுவோருக்கு

முதல் தடவை போட்டிக்குப் போகிறவர்களுக்குக் குறுந்தூரமே போதும்: 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம்.

வாடைக் காலத்தில் நம் கடலில் இறங்கவே வேண்டாம். சித்திரைக்குப் பிறகு அலை அடங்கியதும், சுபஹ் தொழுதுவிட்டுத் துணையோடு போங்கள். கரையோரமாகவே நீந்துங்கள், ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பள்ளிவாசல் மினாராவைப் பார்த்தால் திசை தவறாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

சைக்கிளால் இறங்கியதும் கால் கனக்கும். பலர் சோர்வது இங்கேதான். வாரம் ஒருநாள் ஒலுவில்வரை மிதித்துவிட்டு, வந்த கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகுங்கள்.

உடை மாற்றுமிடத்தில் மருதமுனைத் துவாயொன்றை விரித்து, சப்பாத்தையும் ஹெல்மெட்டையும் அதன்மேல் வையுங்கள். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளை எடுக்கலாம். அது போட்டி விதி.