ஓவியர் கொண்டைய ராஜு

கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் நிலத்தில் இடைசெவல் என்னும் சிற்றூர் உள்ளது. அத்தகைய ஊர்களில் ஓவியக் கூடங்கள் இல்லை. ஆயினும், உழவர் வீட்டுச் சுவர்களில் திருமகளும் முருகனும் நாட்காட்டிப் படங்களாக விளங்கினர். அப்படங்களைத் தொழுதவர் பலர். வரைந்தவரை அறிந்தவர் சிலரே.

அவற்றுள் பலவற்றை வரைந்தவர் சி. கொண்டைய ராஜு. அவர் 1898-ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றார். துறவில் நாட்டங்கொண்டு திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். பின்னர் நாடகக் குழுவினருக்குத் திரைச்சீலைகள் தீட்டினார். அவர்களோடு ஊர்தோறும் சென்றவர், 1940-களில் கோவில்பட்டியில் நிலைபெற்றார்.

அரங்கின் கடைக்கோடியில் இருப்பவருக்கும் விளங்குமாறு திரை தீட்டிப் பழகிய கை அது. அக்கை வரைந்த தெய்வ வடிவங்களைச் சிவகாசி அச்சகங்கள் எண்ணற்ற படிகளாக்கின. அவை நாடெங்கும் பரவின.

டி. எஸ். சுப்பையா முதலிய மாணவரை அவர் உருவாக்கினார். சேர்ந்து வரைந்த படங்களில் தம் பெயரோடு மாணவர் பெயரையும் பொறித்தார். 1976-இல் அவர் மறைந்தார். புகழைப் பகிர்ந்துகொள்ளும் உள்ளமும் கலைஞனுக்கு அணியே என்பதை அக்கையொப்பங்கள் இன்றும் உணர்த்துகின்றன.